சங்கை உடைத்தால் வெள்ளம் நிற்குமா?

(தலைப்பு: வீட்டு நாயைப் பழக்கச் சிறந்தது கண்டிப்பா, கனிவா? ‘கனிவே!’ என்ற அணியில் பேசியது)

கையில் பிரம்பு இல்லாத குறையாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் மேசையைத் தட்டி ஒரு பழமொழி சொன்னார். ‘அடியாத மாடு படியாது’ன்னார். ஐயா, தலைப்பு நாயைப் பற்றி. நீங்க மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க! (சிரிப்பு) சரி, வந்த மாட்டை விரட்ட வேண்டாம். அடித்தால் படியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என்ன பாடம் படிக்கும்? ‘இந்த ஆள் கையில கம்பு இருந்தா ஒதுங்கிப் போ’ என்று படிக்கும். கம்பு இல்லாத அன்றைக்கு? அதுக்கு எதிரணி பதில் சொல்லவே இல்லையே!

இன்னொருவர் சொன்னார்: ‘எங்க நாய் காலையில செருப்பைக் கடிச்சுடுது. சாயங்காலம் நான் வந்தா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது. அப்ப நாலு சாத்தினா என்ன?’ நடுவர் அவர்களே, அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாயும் உண்டு, தொடாத நாயும் உண்டு. ஆனால் எல்லா நேரமும் எஜமானரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கடைசியில் என்ன தெரிந்தது? அந்தக் ‘குற்றவாளி முகம்’ தப்பு செய்ததால் வரவில்லை, எஜமானர் திட்டியதால் வந்தது! ஒரு பாவமும் அறியாத நாய்கூடத் திட்டு வாங்கினால் தலையைத் தொங்கப் போட்டது. என் வீட்டுக்காரரும் நான் குரலை உயர்த்தினால் அப்படித்தான் நிற்கிறார். அவர் தப்பு செய்தார் என்றா அர்த்தம்? (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்தது போதும் ஐயா. இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் செம்பரம்பாக்கத்துக்காரி. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற வழி. எங்க வீட்டில் மணி என்று ஒரு கறுப்பு நாய். நாட்டு நாய்தான். சாப்பிடும்போது யாராவது தட்டுப் பக்கம் போனால் ‘உர்ர்’ருன்னு உறுமும். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ‘சோறு போடுற என்னையே உறுமுறியா?’ என்று கம்பால் ஒரு போடு. மறுநாளும் ஒரு போடு. பத்தே நாளில் உறுமல் நின்றுபோனது. ‘பாத்தியாடி, எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன்!’ என்று அவருக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க பொண்ணு, ஆறு வயசு, மணி சாப்பிடுகிற தட்டுப் பக்கம் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தாள். உறுமல் இல்லை, சத்தம் இல்லை. நேரே கையில் ஒரு கடி. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டோம். பிள்ளை பிழைத்தாள். அன்று ராத்திரி வீட்டுக்காரர் சொன்னார், ‘இந்த நாயை ஏரிக்கரையில விட்டுட்டு வந்துடறேன்.’

ஏரி என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. எங்க ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மதகைத் திறப்பதற்கு முன்னால் அடையாற்றங்கரை ஜனங்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். ‘சங்குச் சத்தம் காதைத் துளைக்குது’ என்று யாராவது சங்கை உடைத்தால் ஏரியில் தண்ணீர் குறைந்துவிடுமா? தண்ணீர் அப்படியேதான் இருக்கும். சொல்லாமல் வரும், அவ்வளவுதான்!

நடுவர் அவர்களே! நாயின் உறுமல்தான் அந்தச் சங்கு. ‘எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போ’ என்று அது சொல்கிற பாஷை. நாங்க அடித்து நிறுத்தியது பயத்தை இல்லை, சங்கை! (பலத்த கைதட்டல்)

கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். முதலில் உடம்பில் வலி, நோய் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வழி சொன்னார். மணி சாப்பிடும்போது பிள்ளை அந்தப் பக்கமே போகக் கூடாது. பெரியவர்கள் மட்டும், உறுமாத தூரத்தில் நடந்து போகும்போது, ஒரு துண்டு அவித்த முட்டையை அதன் பக்கம் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். தட்டைத் தொடக்கூடாது. நாளாக ஆக ஓர் அடி, ஓர் அடியாக நெருங்கலாம். ‘ஆள் வந்தா சோறு போயிடும்’ என்று நினைத்த நாய், ‘ஆள் வந்தா முட்டை வரும்’ என்று நினைக்க ஆரம்பித்தது. இரண்டு மாசத்தில் வீட்டுக்காரரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. பிள்ளையை மட்டும் இன்றைக்கும் தட்டுப் பக்கம் விடுவதில்லை. கனிவு வேறு, கவனக்குறைவு வேறு!

‘தின்பண்டம் கொடுத்துப் பழக்கறது லஞ்சம்’னு எதிரணி சொல்கிறது. ஐயா, காரியம் நடக்கிறதுக்கு முன்னால கொடுத்தால் லஞ்சம். வேலை முடிந்த பிறகு கொடுத்தால் கூலி! (சிரிப்பு) உட்காரப் பழக்க வேண்டுமா? துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, தலைக்கு மேலே பின்பக்கம் மெல்லக் கொண்டுபோங்கள். அண்ணாந்து பார்க்கிற நாய் தானாக உட்காரும். உட்கார்ந்த அந்த நொடியே கொடுங்கள், ‘சபாஷ்’ சொல்லுங்கள். தாமதமானால் எதற்குக் கூலி என்று அதற்குப் புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். மேலே தாவுகிறதா? முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாலு காலும் தரையில் நின்றதும் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் அசிங்கம் செய்கிறதா? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போங்கள். பழகின பிறகு ஒவ்வொரு தடவையும் தின்பண்டம் வேண்டாம். ஒரு தடவல், ஒரு நல்ல வார்த்தை போதும்.

இது ஏதோ பெண்பிள்ளை பேச்சு என்று நினைக்காதீர்கள். விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே ஏற்றது என்று 2021-ல் அறிவித்திருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன்? கலாக்ஷேத்ரா கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் குரல் கொடுத்ததன் பலன்தான் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அடித்துத் துன்புறுத்துவது மட்டுமா குற்றம்? எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் வைத்திருப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம்!

நிறைவாக ஒன்று. மணிக்கு இப்போது வயசாகிவிட்டது. போன மாசம் ஒரு நாள் காலில் முள் குத்தியிருந்தது. வீட்டுக்காரர் எடுக்கப் போனபோது லேசாக உறுமியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கையை எடுத்துக்கொண்டு, ‘வலிக்குதாடா? சரி, மெதுவா எடுக்கலாம்’ என்றார்.

நடுவர் அவர்களே! உடைந்த சங்கு திரும்ப ஊத ஆரம்பித்துவிட்டது. அதைக் கேட்கிற காதும் எங்க வீட்டில் வந்துவிட்டது. நாய் மட்டுமா பழகியது? என் வீட்டுக்காரரும் பழகிவிட்டார்! (சிரிப்பு) பிரம்பால் முடியாத இந்தக் காரியத்தை முட்டைத் துண்டு செய்தது என்றால், வீட்டு நாயைப் பழக்கச் சிறந்தது கனிவே, கனிவே என்று தீர்ப்பு வழங்க வேண்டுமாய்க் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)