ஈரக் கையும் மின்சாரமும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீசும் கடற்காற்று உப்பைச் சுமந்து வருவது. சன்னற் கம்பியை அரிக்கும் அவ்வுப்பு, தண்ணீர் மோட்டாரின் எர்த் கம்பியை மட்டும் விட்டுவைக்குமா?

மாணவ நண்பர்களே! ஃபியூஸ் இருக்க அச்சம் ஏன் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை 1,000 ஓம் எனக் கொண்டால், உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். 5 ஆம்பியர் ஃபியூஸோ 5,000 மில்லி ஆம்பியரையும் தாங்கி நிற்கும். அது காப்பது கம்பியை; மனிதரை அன்று.

மனிதரைக் காக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று எர்த் என்னும் நிலத்தொடர்பு. மோட்டாரின் உலோகக் கூட்டில் கசியும் மின்சாரத்தை அது மண்ணுக்குள் செலுத்துகிறது. இதற்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3043, 1966இல் வெளிவந்தது. மற்றொன்று மின்கசிவுத் தடுப்பான். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாது ஒப்பிடுகிறது. வீடுகளுக்குரிய தடுப்பான், வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இரண்டும் வேண்டும். எர்த் நன்றாக இருந்தால், கசிவு தோன்றியவுடனே, எவரும் தொடுமுன் தடுப்பான் வேலை செய்யும். எர்த் துருப்பிடித்து அறுந்திருந்தாலோ, தொட்டவர் உடலே மின்சாரத்திற்கு வழியாகிறது. அதன் பின்னரே தடுப்பான் விழிக்கும். தடுப்பானின் சோதனைப் பொத்தான் அத்தடுப்பானை மட்டுமே சோதிக்கும். எர்த்தின் நிலையைக் கூறாது. ஆகவே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தை ஆண்டுதோறும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று மோட்டாரைத் தொடுபவர் பெரும்பாலும் உங்கள் தாயார் அன்றோ?