பாதரசக் குழாயும் பஞ்சாங்க மழையும்
(செல்லூரில் பேசியது)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பாரமானி என்னும் ஒரு கருவி. நெசவாளிகள் நிறைந்த ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போட்ட பிறகு மழை கொட்டினால் நஷ்டம் யாருக்கு? செல்லூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் இத்தெருக்களில் வெள்ளம் புகுந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே மழையை முன்னதாக அறிவது வேடிக்கையல்ல. நம் வயிற்றைப் பற்றிய காரியம்.

இதற்கு நம்மவர் கண்ட வழி என்ன? இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு என்று பஞ்சாங்கத்தில் பங்கு போட்டார்கள். பெய்யாவிட்டால் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். கழுதைக்குக் கல்யாணம் செய்தார்கள். அளந்து சொன்ன மரக்கால் எங்கே என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால், ஜனங்கள் செய்த பாவம் என்று பழி நம் தலையிலேயே விழும்.

1643-ல் இத்தாலியில் டாரிசெல்லி என்பவர், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்க்கும் சோதனையைக் கண்டார். பாதரசம் முழுதும் கொட்டவில்லை. சுமார் 30 அங்குலம் நின்றது. நிறுத்தியது யார்? தேவனுமல்ல, பூதமுமல்ல. வெளியிலுள்ள காற்றின் எடைதான். 1648-ல் பிரான்சில் பாஸ்கல் தம் மைத்துனரைக் கொண்டு அதை மலைமேல் ஏற்றிப் பார்க்கச் செய்தார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கிற்று. நம் கோடைக்கானலில் வைத்தாலும் சுமார் 23 அங்குலந்தான் நிற்கும்.

இங்கிலாந்தில் இதை அழகிய கருவியாக்கியவர்கள் யார்? வேதம் ஓதினவர்களா? கடிகாரம் செய்வோரும், கண்ணாடி ஊதுவோரும், தச்சருமே! 1695-ல் எடுத்துச் செல்லத்தக்க பாரமானிக்கு உரிமை பெற்ற டேனியல் குவேர் ஒரு கடிகாரத் தொழிலாளி. பிழைப்புத் தேடி இத்தாலியின் கோமோப் பக்கத்திலிருந்து சென்ற கைவினைஞர் பலரும் இத்தொழில் செய்தார்கள். அவ்வூரில் பிறந்த நெக்ரெட்டி, 1850-ல் சாம்பிராவோடு சேர்ந்து லண்டனில் பெரிய ஸ்தாபனம் கண்டார். கையால் உழைப்பவனைக் கீழ்மகன் என்று ஒதுக்கிய நம் நாட்டில் இது நடக்குமா என்று யோசியுங்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே 1796 முதல் கோல்டிங்ஹாம் பாரமானி அளவைக் குறித்து வந்தார். புயல் நெருங்கினால் பாதரசம் இறங்கும். இங்கிலாந்தில் மீன்பிடிப்போர் துறைகளில் இக்கருவியை வைக்கச் செய்த பிட்ஸ்ராய், 1861-ல் புயல் எச்சரிக்கையும் விடுக்கலானார்.

ஆனால் தோழர்களே! பஞ்சாங்கத்தை விட்டுவிட்டுப் பாரமானிக்குக் கற்பூரம் கொளுத்த வேண்டாம். பழைய ஆங்கிலப் பாரமானியின் முகத்தில் 'மழை', 'மாறுதல்', 'தெளிவு' என்று பொறித்திருப்பார்கள். அது அந்நாட்டுக்குச் சரி. மதுரைச் சித்திரை வெயிலிலோ முள் 'மழை'யை நெருங்கி நிற்கும்! எழுத்து பொய், அளவு மெய். அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக் குறித்து வருவதே அறிவு. பிட்ஸ்ராயும் அதையே வற்புறுத்தினார்.

வெள்ளைக்காரன் பொறித்தாலும், ரிஷி எழுதினாலும், நாம் இங்கே சொன்னாலும், சோதித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். தவறினால் ஏன் தவறிற்று என்று தைரியமாய்க் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதே விஞ்ஞானம். கேட்டதையே பாவமென்பது புரட்டு.