திரும்பி வரும் பொருளில் தொழில் இருக்கிறது

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் கேரி பேக் ஒழியவில்லை. மாற்றுப் பொருள் தயாரிக்க இது நல்ல காலம் என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பொருளை மாற்றினால் போதும் என்ற நினைப்போடு மட்டும் இறங்காதீர்கள். பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள். பாக்குமட்டைத் தட்டில் பிளாஸ்டிக்கே இல்லை. ஆனால் பாக்கு மரத்தின் ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தட்டுகளை ஏற்க மறுத்துவிட்டது. இயற்கைப் பொருள் என்ற பெயரை நம்பி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் மெஷினில் முதல் போடக் கூடாது.

நம் ஊர் விசைத்தறித் துணிக்கும் இந்தக் கண்டிப்பு பொருந்தும். ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில் அது ஒரே முறை பயன்படுத்திய சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அப்படியானால் பிளாஸ்டிக்கே மேல் என்று வாதிடுவோர் உண்டு. வாய்க்காலை அடைக்கும் பையையும், மாட்டின் வயிற்றில் சேரும் பையையும் அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். என்றாலும் அந்த எண் நமக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வாங்கி வந்து வீட்டில் முடங்கிக் கிடக்கும் துணிப்பையால் பயனில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் போய்வரும் பைதான் மாற்று. ஆகவே நீங்கள் தொடங்கவேண்டிய தொழில், பொருளை விற்பதோடு அதைத் திரும்ப வரவழைப்பதும்தான்.

மக்கள் திருப்பித் தருவார்களா என்று கேட்பீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் திரும்பி வந்தன. பிரியாணி பார்சலுக்கு எவர்சில்வர் டப்பா, மண்டபத்துக்கும் அன்னதானத்துக்கும் தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கொடுத்து, கழுவி, மறுபடி அனுப்பும் தொழிலை இதே முறையில் இங்கே நடத்தலாம். விலை கட்டுப்படியாகாது என்பார்கள். ஒரு டப்பாவின் விலை நூற்றுக்கணக்கான பார்சல்களுக்குப் பிரியும்போது அந்தக் கவலை பெரிதும் குறையும். இந்த வறண்ட பூமியில் கழுவத் தண்ணீர் ஏது என்ற கேள்விதான் கடினமானது, நியாயமானதும்கூட. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கழுவி, அலசிய நீரை வடிகட்டி, அடுத்த சுற்றின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு வேண்டும். அதை வடிவமைக்கும் படிப்பு உங்களிடம் இருக்கிறது.

பொறியியல், வேதியியல், வணிகவியல் படித்தவர்கள் நாலைந்து பேராகச் சேருங்கள். கோமதி அம்மனின் ஆடித்தபசுக்குப் பெருங்கூட்டம் கூடும் ஊர் இது. உங்கள் முதல் ஆர்டரை அந்த அன்னதானப் பந்தலில் கேட்டு வாங்குங்கள்.