சிவப்புக் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள்



பள்ளி விடுமுறை வருகிறது. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மலாக்காவின் செங் ஊரில் இருக்கிற நாம் என்ன செய்வோம்? காரில் ஏற்றி மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோவோம். சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு படம், பாட்டு அலறும் ரிக்‌ஷாவில் ஒரு சுற்று, ஜோங்கர் ஸ்திரீட்டில் ஒரு செண்டோல். மலாக்கா பார்த்தாகிவிட்டது!

அந்தச் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டச்சுக்காரர்களின் ஸ்தாதைஸ் மண்டபமும் 1753-இல் முடிந்த தேவாலயமும் அவர்கள் காலத்தில் வெள்ளையாகத்தான் நின்றன. சிவப்புச் சாயம் பூசியது 1911-இல், ஆங்கிலேயர் ஆட்சியில். டச்சுச் சிவப்பு என்று நாம் காட்டும் நிறத்தை டச்சுக்காரர் கண்ணால் கண்டதில்லை.

சரி, பாலத்தைத் தாண்டுங்கள். ஜோங்கருக்குப் பின்னால் ஜாலான் துக்காங் ஈமாஸ். அங்கே இருக்கிறார் பொய்யாத விநாயகர். தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த கோயில். சில அடி தள்ளி இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மினாரைப் பார்த்தால் சீனக் கோபுரம் என்றே நினைப்பீர்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயில் செங் ஹூன் தெங். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

தோட்டத்து வீடுகளில் பிறந்தவர்கள் நாம். நம் கதை பால்மரத்தில் தொடங்கியது என்றே சொல்லி வளர்த்தார்கள். தான் சாய் யான் என்பவர் இந்த மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், ரப்பர் கன்று நட்டது 1896-இல். அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன் இதே மலாக்காவில் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. நாகூர் வழி வந்த குடும்பம். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இன்று பள்ளிகளில் படிக்கிறோமே, அவர்தான். சிறுவயதில் தந்தை தன்னைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்று தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஏன் தெரியுமா? கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது அன்றைய மலாக்காவில் வழக்கமாம். இந்த ஊர்க் கடைத்தெருவில் வரவு செலவு எழுதிய மொழியை, "படித்து என்ன பிரயோசனம்?" என்று நம் வீட்டிலேயே கேட்கிறோம்.

அந்த வணிகர்கள் வேறு, பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டி வேறு. அவர்கள் பெருமையை எடுத்து நாம் மாட்டிக்கொள்ள வேண்டாம். அவர்கள் வழிவந்தவர்களைப் பார்க்கவாவது போகலாமே. காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. சுல்தான் காலத்தில் வந்து இந்த மண்ணில் பெண் எடுத்த தமிழ் வணிகர்களின் வாரிசுகள். பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை. பொங்கலை ஒட்டி முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை அவர்கள் பர்ச்சு என்கிறார்கள். மொழி போனது, இலை போடுவது நிற்கவில்லை.

டவுனில் கதை வேறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் நீக்கினார்கள். தலைமுறையாகக் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்களும் சின்னத் தொழில்காரர்களும் வெளியேறினார்கள். அவர்கள் இருந்த கடைவீடுகள் பளபளவென்று சாயம் பூசிக்கொண்டு காப்பிக்கடையும் தங்கும் விடுதியுமாகிவிட்டன. படம் எடுக்க அழகுதான், மறுக்கவில்லை.

தலைமையாசிரியர்களே, நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா வருகிறது. அந்தப் பாடத்தை வகுப்பறையில் நடத்தாதீர்கள். ஒரு நாள் பேருந்து பிடியுங்கள், காலையில் துக்காங் ஈமாஸ், மாலையில் கம்போங் செட்டி. பேருந்துச் செலவில் என் பங்கை நான் தருகிறேன். பெற்றோர் சங்கத்தார் கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள், தேதி குறித்துவிட்டுப் போவோம்.