56 வாக்குகள்: யாழ்ப்பாணத் தொகுதி புகட்டும் பாடம்

(யாழ்ப்பாண நகரில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



எந்தக் கட்சியின் புகழையும் பாடுவதற்காக நான் இன்று உங்கள் முன் நிற்கவில்லை. மறைந்துபோன ஒரு தொகுதியின் கதையைச் சொல்லவே வந்திருக்கின்றேன். யாழ்ப்பாணம் என்னும் பெயரைத் தாங்கிய பாராளுமன்றத் தொகுதி 1947ஆம் ஆண்டில் தன் முதற் தேர்தலையும், 1977ஆம் ஆண்டில் தன் கடைசித் தேர்தலையும் கண்டது. முப்பது ஆண்டுகள், எட்டுத் தேர்தல்கள், நான்கு பிரதிநிதிகள். இவ்வளவுதான் அதன் ஆயுள். ஆயினும் அந்த ஆயுளுக்குள் இந்நகர மக்கள் எழுதிய தீர்ப்புக்கள் இன்றும் நமக்குப் பாடமாக நிற்கின்றன.

1947இல் இங்கே ஒரு பக்கம் திரு. அ. மகாதேவா நின்றார். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் புதல்வர். அரசாங்க சபையில் உள்நாட்டு மந்திரியாக இருந்தவர். ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகர். மறு பக்கம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட தமிழ்க் காங்கிரஸ் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் நின்றார். குலப்பெருமையையும் மந்திரிப் பதவியையும் கண்டு நகரம் மயங்கவில்லை. மந்திரியைத் தோற்கடித்து, பொன்னம்பலத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று.

1948இல் பொன்னம்பலம் அவர்கள் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1949இல் காங்கிரஸ் பிளவுண்டு தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் நகரம் அவரையே மீண்டும் தெரிவு செய்தது. 1956இல் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றபோது, காங்கிரசுக்கு எஞ்சிய ஒரேயோர் ஆசனம் யாழ்ப்பாணமே. சுற்றியுள்ள தொகுதிகள் ஒரு வழி செல்ல, இந்நகரம் தன் வழி சென்றது.

ஆனால் அதனைத் தம் சொந்தக் கோட்டை என்று எவரும் எண்ண முடியவில்லை. 1960 மார்ச் மாதத்திலே பொன்னம்பலத்தையும் தமிழரசுக் கட்சியையும் ஒருங்கே புறந்தள்ளி, சுயேச்சையாக நின்ற திரு. அல்பிரட் துரையப்பாவை நகரம் தெரிவு செய்தது. அதே ஆண்டு யூலையிலும் அவரையே தெரிவு செய்தது. 1965இல் அவரை இறக்கிப் பொன்னம்பலத்தை ஏற்றிற்று. 1970இல் இருவரையும் விட்டுத் தமிழரசுக் கட்சியின் திரு. சி. எக்ஸ். மார்ட்டினை ஏற்றிற்று.

அந்த 1970ஆம் ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். மார்ட்டின் பெற்றவை 8,848 வாக்குகள். துரையப்பா பெற்றவை 8,792. பொன்னம்பலம் பெற்றவை 7,222. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 56 வாக்குகள்! ஒரு கலியாண வீட்டிலே ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவர்களின் தொகை. ஒரே ஒழுங்கையில் வாழும் சில குடும்பங்கள் அன்று வீட்டில் இருந்திருந்தால், அல்லது வெளியே வந்திருந்தால், இந்நகரின் பிரதிநிதி வேறொருவர்.

பழைய முறை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. அதே 1970இல் வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 36 வாக்குகளுக்கும் குறைவே. மற்றையோர் வாக்குகளுக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. "எங்கள் பிரதிநிதி இவர்" என்று பெரியகடையிலும் குருநகரிலும் வண்ணார்பண்ணையிலும் சோனகத் தெருவிலும் வாழ்ந்தோர் ஒருவரைச் சுட்டிக் காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் திரு. வெ. யோகேஸ்வரன் தெரிவானார். அவரே இத்தொகுதியின் கடைசிப் பிரதிநிதி. 1981இல் நமது நூலகம் எரிந்த நாட்களில் அவருடைய வீடும் எரிக்கப்பட்டது. 1983இல் ஆறாவது திருத்தம் கோரிய சத்தியத்தைச் செய்யக் கூட்டணியினர் மறுத்தனர், ஆசனங்களை இழந்தனர். அதன்பின் யாழ்ப்பாணத் தொகுதியின் பெயரால் எவரும் பாராளுமன்றத்தில் அமர்ந்ததில்லை. 1989இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் கீழ் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றபோது, யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகவே எஞ்சிற்று.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். அந்த நால்வருள் இருவர் நோயாலோ முதுமையாலோ மறையவில்லை. 1975இல் துரையப்பா அவர்களும், 1989இல் யோகேஸ்வரன் அவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வாக்குச்சீட்டால் ஏற்றவும் இறக்கவும் அறிந்திருந்த நகரத்துக்கு அது பெருமையன்று. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இத்தொகுதியிலே வாக்களித்தவர்களே. அவர்கள் இல்லாத வெறுமையும் நமது கணக்கில் சேர்ந்ததே.

நண்பர்களே! இனி நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகின்றேன். சோல்பரி அரசியலமைப்பின் கீழ் ஆசனங்கள் சனத்தொகையைக் கொண்டும் நிலப்பரப்பைக் கொண்டும் கணிக்கப்பட்டன. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம். 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். தொட்டிலிற் கிடந்த குழந்தையும் அக்கணக்கிற் சேர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கணக்கு வேறு. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில், மாகாணத்துக்கு நான்காக 36 போக, எஞ்சிய 160 ஆசனங்களும் வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின் தொகைப்படியே பகிரப்படுகின்றன. இந்த ஒரு வேறுபாட்டை நீங்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இடாப்பில் பெயர் இல்லாதவன் தன் வாக்கை மட்டும் இழக்கவில்லை; தன் மாவட்டத்தின் ஆசனத்தையும் குறைக்கின்றான்.

1977இல் ஊர்காவற்றுறை முதல் கிளிநொச்சி வரை இப்பகுதியில் பதினொரு தொகுதிகள் இருந்தன. அதே நிலப்பரப்பைக் கொண்ட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் கிடைத்தவை 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. போர் நம்மை உலகெங்கும் சிதறடித்தது. இங்கு இல்லாதோரின் பெயர்கள் நீக்கப்பட்டன. பிற மாவட்டங்களின் தொகை பெருகிற்று. போனவர்களின் பெயரைப் பொய்யாக வைத்திருக்கும்படி நான் கேட்கவில்லை. சட்டம் கற்றவன் அதைக் கேட்கலாகாது. ஆனால் இங்கே இருப்பவர்களின் பெயரும் இடாப்பில் இல்லாதிருப்பது யாருடைய குற்றம்? பதினெட்டு வயது நிரம்பியும் பதியாதிருக்கும் பிள்ளை நம் வீட்டில் இல்லையா? மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த ஊரிலும் இல்லை, புகுந்த ஊரிலும் இல்லை என்ற நிலை நம் தெருவில் இல்லையா?

பதினொன்றை ஆறாக்கியதற்குப் பிறரைக் குறை கூறிப் பல மேடைகளிற் பேசலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இடாப்பில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு எந்த மேடையும் வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தரின் வாசலும் தேர்தல் அலுவலகமும் போதும். நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். இந்த நகரம் எந்தக் கட்சிக்கும் அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்ததில்லை. இனியும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இக்கூட்டத்திலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் உங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சென்று, பதியாத பெயர்களை விசாரித்து, ஒரு தாளில் எழுதுங்கள். ஒழுங்கைக்குப் பத்துப் பெயர் கிடைத்தாலும், ஆறு ஒழுங்கைகளில் 1970இன் 56ஐ நாம் கடந்துவிடுவோம்.