சேற்றில் தங்கும் கரி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் 1960-களில் பெருந்தொழில்கள் தோன்றின. அவற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் தொடர்பு யாது என வினவலாம். மின்சாரமே அத்தொடர்பு. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின்நிலையம் இன்றும் இயங்குகிறது.

அக்கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டே அவை தழைக்கின்றன. உதிர்ந்த இலையும் மாண்ட வேரும் உவர்ச் சேற்றில் புதைகின்றன. ஆங்கே பிராணவாயு அரிது. ஆதலால் அவை எளிதில் மட்குவதில்லை. அவற்றின் கரி நூற்றாண்டுக் கணக்கில் சேற்றிலேயே தங்குகிறது. இதனை ‘நீலக் கரி’ என்பர் அறிஞர்.

மின்நிலையச் சாம்பல் இக்கழிமுகத்தில் படிந்துள்ளது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவி அலையாத்தி வேர்களை மூடிற்று. மரம் மடிந்தால் புதிய கரி சேர்வது நிற்கும். சேற்றைத் தோண்டினாலோ பிராணவாயு புகும். தங்கிய கரி மீண்டும் வாயுவாகி வானிற் கலக்கும்.

இழந்த மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் நாற்று நடலாம், அது நற்செயலே. ஆயினும், பல தலைமுறைகள் சேர்த்த கரியை அந்நாற்று நம் வாழ்நாளில் சேர்த்துத் தாராது. ஆகவே, எஞ்சியுள்ள சேற்றைக் காப்பதே முதற்கடன். நடுவது அதற்கு அடுத்ததாகும்.