சிறுபீளையைத் தோட்டத்தில் வளர்த்தல்
(கீழ்பென்னாத்தூரில் குடியானவர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நெல்லையும் மணிலாவையும் பற்றித் தங்களுக்கு எடுத்துரைப்போர் அநேகர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வரப்பில் நாம் மிதித்துச் செல்லும் சிறுபீளை. பூளைப்பூ, பொங்கற்பூ என்று வழங்குவதும் இதுவே. தண்டும் இலையும் நுண்ணிய வெண்மயிர் போர்த்து, வெள்ளி பூசினாற்போல் தோன்றும். அப்போர்வை வெயிலைத் தடுத்து இலையின் ஈரத்தைக் காப்பதால், கிணறு வற்றும் கோடையிலும் செடி பிழைத்திருக்கும்.

இது ஒரு பருவத்தோடு மடிவதன்று. வேர்க்கட்டை கெட்டியாகி மீண்டும் மீண்டும் தழைக்கவல்லது. நாமோ பொங்கல் நெருங்கியதும் கட்டுக்கட்டாய் வேரோடு பிடுங்குகிறோம். அச்சமயம் பூவும் விதையும் ஒருங்கே செடியில் இருக்கின்றன. வேரும் போய், விதையும் சந்தைக்குப் போய்விட்டால், மறு வருஷம் அவ்வரப்பில் முளைப்பது எது? எஞ்சியதைக் களைக்கொல்லி மருந்து தீர்த்துவிடுகிறது. ஆகையால் வீட்டுக்கொரு பாத்தியில் இதை வளர்த்துக்கொள்வது நலம்.

முறை எளிது. நிலைப்படியில் செருகிய கொத்தைப் பண்டிகை கழிந்ததும் குப்பையில் எறியாதீர்கள். முற்றிய கொத்தை நிழலில் உலர்த்தி உள்ளங்கையில் கசக்கினால், பஞ்சினிடையே பளபளப்பான சிறு கருவிதைகள் அகப்படும். அவற்றைப் பத்திரப்படுத்தி, ஆடி, ஆவணி மழையில் மணலோடு கலந்து தூவி, மேலே சிறிதே மண் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நான்கு விரல் உயரம் வளர்ந்தபின் ஒரு சாணுக்கு ஒரு செடியாகக் கலைத்து விடலாம். எரு மிகுதியாக வேண்டுவதில்லை. நீர் தேங்குவதே இதற்குச் சத்துரு.

அறுவடைதான் முக்கியம். பிடுங்கலாகாது. தரைக்கு நான்கு விரல் மேலே அரிவாளால் அறுத்தால் அடிக்கட்டை மறுபடியும் துளிர்க்கும். இரண்டு மூன்று செடிகளை அறுக்காமலே விதைக்கு விட்டுவிடுக.

சித்த வைத்தியத்தில் கல்லடைப்பு, நீரடைப்பு முதலிய நோய்களுக்கு இது பேர்போனது. மலையாளத்தார் தங்கள் தசபுஷ்பங்களில் ஒன்றாக இதைக் கொண்டாடுவர். எனினும், கஷாயம் குடித்தோம், கல் கரைந்துவிடும் என்று நோவைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடப்பது அபாயம். நீர் கட்டினாலும், குருதி கலந்து இறங்கினாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஆடுகள் இத்தழையை விடா. பாத்தியைச் சுற்றி முதல் வருஷமாவது முள் அடைத்து வையுங்கள்.